ஈரம் பதினாறு

தஞ்சாவூரில் இரண்டாம் ஆட்டம் விட்டு
நீடாமங்கலம் வந்தால்
கேட் சாத்தியிருக்கிறது.
திறந்திருந்தால்தான் பயப்பட வேண்டும்.
சரக்கு ரயிலின் எஞ்சினைக் கழற்றி
முன்னால் இருந்ததைப் பின்னால் மாட்டுகிறார்கள்.
மணி ஒன்றே முக்கால். மாசிப் பனி.
ரவூப் பாய் ஆம்னியை அணைக்கிறார்.
"சரி, மார்க்கைச் சொல்லுங்க."

எழுதுவது நான்.
ஜெராக்ஸ் கடைக்காரி என்பதால்
தாள் என் பொறுப்பு.
மிஷினிலிருந்து உருவி வந்த வெள்ளைத் தாளை
முழங்காலில் வைத்து
செல்போன் வெளிச்சத்தில் ஐந்து பெயர்.

முதலில் ஸ்டெல்லா.
மன்னார்குடி ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷம்.
"ட்ரிப்ஸ் இறங்குற கையிலயே பிபி பார்க்கிறான்.
செத்தவனுக்குத் தொண்டைக்குழி துடிக்குது.
மூணு."
அந்தச் சாவுக்கு அவள் அழுததைப்
பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தேனே.
அதற்கு மார்க் இல்லையா என்றால்
"அது என் சொந்தச் செலவு" என்கிறாள்.

ரவூப் பாய் ஏழு.
எந்தப் படத்துக்கும் ஏழு.
பெயர்கள் ஓடி முடியும்வரை எழுந்திருக்க மாட்டார்,
கூட்டுகிறவர் வந்து
காலைத் தூக்கச் சொன்னாலும்.
"எத்தனை பேரு, பார்த்தியா?
சாப்பாடு போட்டவன் பேருகூட வருது.
அவன் சோத்துல நான் மண்ணள்ளிப் போடவா?"

என் வீட்டுக்காரர் வீரசேகரன்
இடைவேளைக்குப் பிறகு தூங்கியவர்.
ஏசிக்கு ஒன்பது,
சீட்டுக்கு எட்டு,
படத்தைப் பற்றி விசாரித்துச் சொல்கிறாராம்.

நான் கேட்டது ஒன்றுதான்.
கதை வெண்ணாற்றங்கரையில் நடக்கிறது என்று
எழுத்துப் போட்டுக் காட்டிவிட்டு,
நாயகன் நாற்றங்காலில் விழுந்து புரளும்போது
முதுகுக்குப் பின்னால் மலை எப்படி வந்தது?
நம்மூரில் உயரம் என்றால்
கோபுரம், தண்ணீர்த் தொட்டி,
இந்த மாதத்தில் களத்து நெல்.
மலைக்கு இரண்டு கழித்தேன்.
நாற்று முடியைப் பூங்கொத்துபோல் பிடித்ததற்கு
இன்னும் இரண்டு.
பாடல்களுக்கு வருவதற்குள்

பக்கிரிசாமி அண்ணன் தொண்டையைச் செருமினார்.
அவருக்குப் பத்துக் கணக்கு கிடையாது.
கொள்முதல் நிலையத்தில் நாளெல்லாம்
ஒரு பிடி நெல்லை மீட்டரில் போட்டு
எண் சொல்கிறவர்.
பதினேழு வரை எடுத்துக்கொள்வார்.
மேலே போனால் காயவைத்துக் கொண்டுவர வேண்டும்.
போன மாசத்துப் பேய்ப்படம் இருபத்திரண்டு.
"மூட்டை பிடிச்சா முளைச்சிடும்."
இன்றைக்கு அதையும் தாண்டும் என்றிருந்தோம்.

"பதினாறு. எழுதிக்கம்மா."

ஆம்னிக்குள் கூச்சல்.
மறுபடி மலையைச் சொன்னேன்.
கண்ணாடியில் படிந்த ஆவியை உள்ளங்கையால் துடைத்து
கேட்டின் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி இருந்தார்.
"மழையில தார்ப்பாயைப் போர்த்திக்கிட்டு
நெல்லு பக்கத்துல ஒரு பொம்பளை நின்னுச்சே.
ரெண்டு செகண்ட். வசனம்கூட இல்ல.
கேமராவைப் பார்க்கல.
ஆபீஸ் கதவைத்தான் பார்த்துச்சு."

எங்களில் யாரும் கவனித்திருக்கவில்லை.
அவள் பெயரும் கடைசியில் ஓடியிருக்கும் என்றார் பாய்.
எந்தப் பெயர் என்று அவருக்கும் தெரியவில்லை.

ரயில் போனது.
ஸ்டெல்லா பெட்டிகளை எண்ணிக்கொண்டே வந்து
முப்பதில் விட்டுவிட்டாள்.
என் மார்க்கைக் கூட்டாமலே
தாளை மடிக்காமல் பையில் வைத்தேன்.

மறுநாள் காலை
சிட்டா அடங்கல் நகலுக்கு ஏழெட்டுப் பேர் நெருக்கியதில்
அந்தத் தாள் எப்படி மிஷின் தட்டுக்குப் போனதோ,
பதினோரு மணிக்கு அண்ணனிடமிருந்து போன்.
பின்னால் நெல் தூற்றுகிற இரைச்சல்.
"இங்க ஒரு அம்மா அடங்கல் குடுத்திருக்கு.
திருப்பினா ஸ்டெல்லா மூணு, பாய் ஏழு,
நான் பதினாறுன்னு இருக்கு.
சீலை எந்தப் பக்கம் வைக்கிறது?"

சிரித்து முடித்து,
அந்த அம்மாவின் நெல்லுக்கு
மீட்டர் எவ்வளவு காட்டியது என்று
கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் யாரோ அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.