ஒடுக்கு

மூன்றாம் மாடியில் கடைசி அறை.
சுவர் முழுக்க நுரைப்பஞ்சு. கதவைச் சாத்தினால்
சயான் மேம்பாலம் சத்தமில்லாமல் அறுந்து விழும்,
பஸ், வடாபாவ் வண்டி, வாட்ச்மேன் இருமல் எல்லாவற்றோடும்.
உள்ளே தவசிக்கனி, வயது நாற்பத்தாறு.
தாராவியில் எண்ணெய் டின்களுக்கு
ஒடுக்கு எடுக்கிறவர். இருபத்தேழு வருடம்.

சத்தம் கேட்டா பொத்தானை அழுத்துங்க,
கொசு மாதிரி கேட்டாலும் அழுத்துங்க.
கண்ணாடிக்கு அப்பால் தலையாட்டுகிறார்.
நான் இன்னும் ஒன்றும் அனுப்பவில்லை.
அழுத்துகிறார்.

இருநூற்றைம்பது, ஐநூறு, ஆயிரம்
நல்ல பிள்ளைகளாய் வரிசையில் வந்தன.
நாலாயிரத்தில் என் பேனா
கிணற்று வாளி போல இறங்கியது.
எட்டாயிரத்தில் கொஞ்சம் ஏறி வந்தது,
தண்ணீர் இல்லாமல்.

பிளாஸ்டிக் காதைத் திறந்து காட்டினேன்.
இது மடல், இது குழாய், இது பறை,
சுண்டுவிரல் நகம் அளவு.
பறைக்குப் பின்னால் மூன்று எலும்பு:
சுத்தி, பட்டடை, அங்கவடி.

மடியில் கிடந்த கை தானாக
ஒரு பிடியைப் பிடித்தது.
"பட்டடையுமா உள்ள இருக்கு?"
இருக்கு.
"அங்கவடின்னா குதிரையில கால் வைக்கிறதுல்லா.
குதிரை எங்க?"

நான் படித்த படிப்பில் அது இல்லை.
நத்தையைக் காட்டினேன். இரண்டரைச் சுற்று,
உள்ளே உப்பு நீர், நீரில் மயிரணுக்கள்.
அங்கவடி மிதிக்க நீர் அசையும்,
அசைய மயிர் சாயும்,
சாய்ந்த கணம் மின்சாரம்.
நரம்பேறி மூளைக்குப் போன பிறகுதான்
அது "அப்பா" ஆகிறது.
காற்றில் சாய்ந்த நெல் நிமிரும்.
இருபத்தேழு வருடம் மிதிபட்டது
நிமிராது.

வரைபடத்தின் பள்ளத்தில் விரலை வைத்தார்.
"இது ஒடுக்கு."
ஆமாம்.
"டின்னுன்னா உள்ள கம்பிய விட்டு
பின்னாலருந்து ரெண்டு தட்டு. வந்துரும்."
நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

மகள் பெயர் செல்சி.
போனில் "எல்லி பேசுறேன்" என்கிறாளாம்.
"ஆப்பிட்டியாப்பா" என்கிறாளாம்.
உயிரெழுத்தெல்லாம் வந்து சேர்கிறது,
மெய்தான் குர்லாவிலேயே இறங்கிவிடுகிறது.
மெஷின் விலை சொன்னேன்.
எத்தனை டின் என்று உதட்டுக்குள் எண்ணினார்.
ஆரஞ்சு நிற அடைப்பான் இரண்டு கொடுத்தேன், இலவசம்.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்தது இரண்டு நாள் வயது.
சீட்டில் "பேபி ஆஃப் ரேஷ்மா".
முளைகட்டிய பயறு மாதிரி மடிந்த காது.
மெத்தென்ற குழாயைச் செருகி
டிக் டிக் என்று அனுப்பினேன்.
நல்ல காது வெறுமனே வாங்கிக்கொள்வதில்லை.
வந்த சத்தத்துக்கு உள்ளிருந்து
தானும் ஒரு சத்தம் திருப்பி அனுப்பும்,
பெற்றவளுக்கும் கேட்காத அளவில்.
பிள்ளை தூங்குகிறது. திரையில்
பச்சைக் கட்டைகள் துள்ளி எழுந்தன,
ஒன்று, மூன்று, ஐந்து,
கட்டவிழ்த்த குதிரைக்குட்டி.

கூப்பிட்டுக் காட்டலாம் என்று
நடைவழி ஜன்னலுக்கு ஓடினேன்.
கேட்டைத் தாண்டிவிட்டார்.
மூன்றாம் மாடி வரை கேட்கிறது
அவருக்குப் பின்னால் விடாமல் அடிக்கும்
ஒரு சைக்கிள் மணி.
அவர் சாலை நடுவில் நடக்கிறார்.