ஒட்டுக்கா

பழைய இரும்புக்குப் போய்க்கொண்டிருந்தது.
லாரியோடு என் எடைமேடையில் ஏறியபோது
தார்ப்பாய்க்கு வெளியே
ஒரு முன்விளக்கு மட்டும் தெரிந்தது.
மூடிப்போன நூல்மில்லின் கொட்டகையில்
முப்பத்தோரு வருசம் நின்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு.
கிலோ என்ன விலை என்றேன்.
டிரைவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.
இறக்கி நிறுத்ததில் எழுநூற்றுத் தொண்ணூறு,
பஞ்சுத் தூசியும் எலிக்கூடும் சேர்த்து.
ரசீதில் 'பொருள்' என்ற இடத்தில்
இரும்பு என்று எழுதப் போய்
கார் என்று எழுதினேன்.

வெள்ளகோவிலில் ஞாயிற்றுக்கிழமை
எடைக்கு வண்டி வராது.
மேடைமேலேயே ஜாக்கி கொடுத்து
முன்சக்கரம் இரண்டையும் கழற்றிப் படுக்கப் போட்டேன்.
ஸ்டியரிங்கைத் திருப்பினால்
நாலு விரற்கடை சும்மா சுற்றி
பிறகுதான், கதவு தட்டிக் கொஞ்ச நேரம் கழித்து
யாரோ எழுந்து வருவதுபோல், அசைகிறது.
டை ராடு நுனியில் குண்டு தேய்ந்திருக்கிறது.
மாற்ற வேண்டும்.
மாற்ற, முதலில் பிரிக்க வேண்டும்.

ஸ்பிளிட் பின் தொட்டதும் துருவாய் உதிர்ந்தது.
நட்டு
அரைப்படி மண்ணெண்ணெய் குடித்து
முனகி முனகி வந்தது.
முடிந்தது என்று நினைத்தேன்.
நட்டு என் கையில் இருக்கிறது,
பிடி அங்கேயே இருக்கிறது.
கூம்பு போய்க் குழிக்குள் உட்கார்ந்த அந்த இடத்தில்
மரை இல்லை, பற்றவைப்பு இல்லை, ஒன்றும் இல்லை.
இறுக்கிய கை எந்த ஊரில் வெந்து தணிந்ததோ.

சனியனே என்று மண்டையில் ஒன்று போட்டேன்.
இன்னொன்று.

"ஏனுங் அம்மணி, மண்டைல போடாதீங்."
காங்கயத்துக் கரி ஃபேக்டரி கேட்டுத் திறக்கட்டுமென்று
தேங்காய்த்தொட்டி லோடோடு வேப்பமரத்தடியில் கிடந்த
சென்னியப்பன், லுங்கியை மடித்துக்கொண்டு வந்தார்.
கையில் லாரிச் சுத்தியல்.
"மரை நசுங்குச்சுன்னா பொறகு எதுவும் ஆவாதுங்.
நட்டை நுனிமட்டம் மறுக்கா ஏத்துங்.
அடி இதுக்கில்லீங்,
இதைப் புடிச்சிட்டு இருக்கற காதுக்கு.
நா இந்தப் பக்கம், நீங்க அந்தப் பக்கம்.
ஒட்டுக்கா அடிக்கோணும்."

ஒட்டுக்கா.
அவர் அடி விழுந்த பின் என் அடி விழுந்தது.
என் அடிக்காக அவர் நின்ற நேரம்
நான் அவருக்காக நின்றேன்.
எண்ணினோம்.
மூனு சொல்லும்போதா, மூனு சொன்ன பிறகா
என்று சித்தெ நேரம் சண்டை.
முன்பின் அறியாத ஓர் ஆளின் தோள் எழும்புவதை
இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை நான்.
ஒரே ஒரு தடவை சரியாய் விழுந்தது.
இரண்டு சுத்தியலுக்கு ஒற்றைச் சத்தம்.
வேம்பிலிருந்து மைனாக்கள் மொத்தமாய் எழும்பின.
கூம்பு அசையவில்லை.

புல்லர் மாட்டினோம்.
இறுக்க இறுக்க
ஸ்பானர் என் உள்ளங்கையில் அச்சடித்தது.
"போதுமுங். இதுக்கு மேலன்னா ஒடையும்.
உட்ருங், அது பாட்டுக்கு நிக்கட்டும்."
கேட் திறந்ததாகப் போன் வந்தது. போய்விட்டார்.
சுத்தியலை மறந்துவிட்டார்.

ராத்திரி கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.
கணவாய்க் காற்று தகரத்தை அறைந்துகொண்டிருந்தது.
தாராபுரம் பக்கம் காற்றாலைச் சிவப்பு விளக்குகள்
ஒட்டுக்கா எரிந்து ஒட்டுக்கா அணைந்தன.
கணக்கு மேசையில் எடை காட்டும் பெட்டி:
ஜாக்கி, புல்லர், அவர் சுத்தியல் எல்லாம் சேர்த்து
எண்ணூற்றுப் பத்து.

பதினொன்றே முக்காலுக்கு
வேட்டுப் போட்டதுபோல் ஒரு சத்தம்.
நாய் மேசைக்கு அடியில் வந்து புகுந்தது.
எண்கள் தடுமாறின.
எண்ணூற்று இருபது. எண்ணூறு.
பிறகு பழையபடி
எண்ணூற்றுப் பத்து.

டார்ச் அடித்தேன்.
நுனி விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.
வெளியெல்லாம் துரு. கூம்பு மட்டும்
நேற்றுக் கடைந்ததுபோல் பளபளவென்று.
விரல் வைத்துப் பார்த்தேன், எடுத்தேன்,
மறுபடி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை தொட்டி லோடு வரும்.
இடது பக்கத்து நட்டில்
மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துவிட்டு
வந்து படுத்தேன்.