கீழே உள்ள வரி

எபேன் கோபுரத்தில் ஒன்பதாம் மாடி.
குளிர்சாதனம் ஓடுவது எனக்காக அல்ல, இயந்திரங்களுக்காக.
அவற்றின் வீட்டில் நான்
ஸ்வெட்டர் போட்ட விருந்தாளி.

எந்த ஊருக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர்,
எல்லாம் ஒரே கோப்பில்,
அறுநூற்றுப் பன்னிரண்டு வரி.
கூபன் சடையன் எழுதியது. அவன் இப்போது
பெர்த்தில் வேறு யாருடைய குழாய்களையோ பார்த்துக்கொள்கிறான்.
பாம்பூவுக்குக் கீழே சூயாக்,
சூயாக்குக்குக் கீழே வக்வா, மறுபடியும் பாம்பூ.
அவசரத்தில் திணித்த பயணப் பை.

எனக்குக் கை அரித்தது.
சார்ட் என்று அடித்தேன், பிறகு கோப்பின் பெயர்,
விடையையும் அதே கோப்பிலேயே எழுது என்று
ஒரு சிறு கோடும் ஓர் எழுத்தும்.
நகல்? எடுக்கவில்லை.
கொட்டாவி முடியும் முன்னே வேலை முடிந்து
கர்சர் ஒன்றும் அறியாததுபோல் இமைத்தது.

அழகாகத்தான் இருந்தது.
பாம்பூக்கள் ஓரிடம், சூயாக்குகள் ஓரிடம்.
தலையில் கோடு சுமந்த பிரெஞ்சு É மட்டும்
ஸெட்டையும் தாண்டிப் போய் வாசலில் நின்றது;
பைட் கணக்கில் அதன் இடம் அங்கேதானாம்.
உச்சியில், # போட்ட குறிப்புகள் அத்தனையும்
புயல் எச்சரிக்கை கேட்டு வீட்டை விட்டு வந்த சனம் போல
ஒரே கூடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு.
(மேலாளர் படிக்கக் கூடாதென்றே
கூபன் குறிப்புகளைத் தமிழில் எழுதுவான்.)

# இது மார்ச் வரைக்கும்தான்
# ஏன் என்று தெரியவில்லை, ஆனால் வேலை செய்கிறது
# கீழே உள்ள வரியைத் தொடாதே
# பள்ளி விடுமுறையில் பாதி போதும்

எந்த வரி?
அதற்குக் கீழே இப்போது
பள்ளி விடுமுறை அல்லவா இருக்கிறது.

மூன்று மணிக்கு ஃபோன்.
ரோஸ் பெல் பேக்கரி, மதாம் லிசெட்:
"பேனா திலோ!"
எங்கள் க்ரியோலில் பேனா என்றால் இல்லை,
திலோ என்றால் தண்ணீர்.
நாலு மூட்டை மாவு பிரித்தாயிற்று,
பிசைய ஒரு சொட்டு இல்லை.

தேடினேன். ரோஸ் பெல்லுக்கு இரண்டு வரி.
முதலில் 02:45. அடுத்து 04:30.
படிக்கிற நிரலுக்குக் கடைசியாக வந்தவர் சொல்லே சொல்.
கூபன் நாலரை என்று எழுதியிருக்கிறான்;
பிறகொரு நாள் லிசெட் அவனிடமும் கத்தியிருப்பாள்;
நாலரையை அழிக்கச் சோம்பல்பட்டு
கீழே ஒரு குறிப்பு, குறிப்புக்குக் கீழே இரண்டே முக்கால்.
நான் வந்து சின்ன எண்ணை முன்னாலும்
பெரிய எண்ணைப் பின்னாலும் நிறுத்தினேன்.
நாலரை வென்றது.

வால்வை என் கையால் திறந்தேன், மூன்று இருபதுக்கு.
மதாம் நன்றி சொல்லாமல் வைத்தாள். நியாயம்.

மாலையில் ஏதோ தோன்றி
கோப்பை முழுக்கத் திரையில் கொட்டிப் பார்த்திருந்தேன்.
அந்த ஜன்னலை இன்னும் மூடவில்லை.
உருட்டினேன், மேலே, இன்னும் மேலே,
என் கட்டளைக்கும் முந்திய நேரத்துக்கு.
எல்லாம் அங்கே அப்படியே கிடந்தன,
பாம்பூ, சூயாக், வக்வா, பாம்பூ.
நகலெடுத்து ஒட்டும்போது
ஒரு வரியையும் நேராக்கவில்லை.

ஒன்றைத் தவிர. நாலரையை நீக்கினேன்.
குறிப்பை மேலே வைக்கவில்லை, கீழேயும் இல்லை:

ரோஸ்_பெல் 02:45 # பேக்கரி மாவு பிசையும் நேரம்

ஒரே வரி. அடுத்து வருகிறவளுக்கும்
கை அரிக்கத்தான் செய்யும்;
எங்கே தூக்கிப் போட்டாலும்
காரணமும் மணியும் சேர்ந்தே போய் விழட்டும்.

பெர்த்தில் அப்போது காலை எட்டு.
கூபனுக்கு எழுதிக் கேட்டேன்:
மார்ச் வரைக்கும்தான் என்றாயே, எந்த மார்ச்?
தட்டச்சு செய்கிறான் என்று மூன்று புள்ளி
வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

"மறந்துபோச்சு. நீ தொடாதே."