நன்றியுரை

பண்ணைக்காட்டில் மைக் செட் என்றால் நான்தான்.
இரண்டு குழாய், ஒரு ஆம்ப்ளிஃபயர்,
எச்சில் படாமல் நீலத்துணி சுற்றிய மைக்.
காதுகுத்துக்கும் கட்சிக்கும் ஒரே வாடகை.
காதுகுத்து வீட்டார் பாக்கி வைப்பதில்லை.

முதல் புயலில்
சில்வர் ஓக் மரங்கள் காப்பிச் செடிகள்மேல்
குடித்துவிட்டு விழுந்தவர்கள்போலக் கிடந்தன.
பதினோரு நாள் கரண்ட் இல்லை.
பன்னிரண்டாம் நாள்
பஸ் நிறுத்தத்தில் உண்ணாவிரதம்.
ஜெனரேட்டருக்கு டீசல் என் கைக்காசு.
அப்போது எதிர்க்கட்சியாயிருந்த கனகதுரை
மைக்கைக் கடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு கேட்டார்:
"ஐயாயிரமா?
மலைவாழைக்கு முட்டுக் கொடுத்த கம்புக்குக் காணுமா அது?
இருபத்தைந்தாயிரம் கொடு.
பட்டா எங்கே என்று கேட்காதே.
காற்று பட்டா பார்த்தா அடித்தது?"

அந்தக் கடைசி வரிக்கு நானும் தட்டினேன்.
ஒரு கை வால்யூமில் இருந்ததால்
இன்னொரு கையால் தொடையில் தட்டினேன்.
ஒன்றரை மணிக்கு எலுமிச்சைச் சாறு.
இரண்டு மணிக்கு, வேனுக்குப் பின்னால், பிரியாணி.

பிறகு தேர்தல்.

இரண்டாவது புயல் ராத்திரியில் ஏறியது.
தாண்டிக்குடி ரோட்டில் ஒன்பது இடத்தில் மண் சரிந்தது.
சீனியம்மாவின் தகரக் கூரை
கீழ் ஓடைப் பாறையில்
அப்பளம்போல் மடங்கிக் கிடந்தது.
அவள் குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கரில்
எழுந்து நின்றது ஒரு சோளக்கொல்லைப் பொம்மை மட்டும்,
அதுவும் பக்கத்துத் தோட்டத்துடையது.
அளக்க வந்தவர் டேப்பை நீட்டவேயில்லை.
"மூன்று சுவர் நிற்கிறதே, பகுதிச் சேதம்.
நிலம் யார் பேரில்?"

இப்போது பஸ் நிறுத்தத்தில்
உண்ணாவிரதம் இருந்தவர் திருமேனிநாதன்,
போன தடவை ஐயாயிரம் கொடுத்தவர்.
"ஐயாயிரமா? பிச்சையா போடுகிறாய்?
இருபத்தைந்தாயிரம் கொடு" என்றார்.
கல்யாண மண்டபத்தில் மாலையோடு கனகதுரை.
"ஐயாயிரம்! எந்த ஆட்சியும் தராத ஐயாயிரம்!
முறையான ஆவணம் உள்ள ஒவ்வொருவருக்கும்!" என்றார்.
சம்பந்தி வீட்டார் தட்டு மாற்றிக்கொள்வதுபோல்
வசனத்தை மாற்றிக்கொண்டார்கள்.
வெற்றிலைகூட வாடவில்லை.
இரண்டு இடத்துக்கும் அதே குழாய்.
காலையில் அங்கே கட்டியதை அவிழ்த்து
மதியம் இங்கே கட்டினேன்.

மேடையில் படம் எடுக்க
ஈரச் சேலையோடு ஒரு பொம்பளை வேண்டியிருந்தது.
பட்டியலில் இல்லாத சீனியம்மாவுக்கு
ஒரு புடவை, ஐந்து கிலோ அரிசி, ஒரு பாய்.
"ரெண்டு வார்த்தை நன்றி சொல்லும்மா."

அவளுக்கு மைக் பிடிக்கத் தெரியவில்லை.
உலக்கைபோல இரண்டு கையாலும் பிடித்தாள்.
"ஐயா, அன்னைக்கு பஸ் ஸ்டாப்புல
நானும் உங்ககூட பட்டினி உக்காந்தேன்.
காத்து பட்டா பாத்தா அடிச்சுதுன்னு
நீங்கதானய்யா..."

யாரும் எனக்குச் சைகை காட்டவில்லை.
கனகதுரை என் பக்கம் திரும்பக்கூட இல்லை,
புன்னகை மாறாமல் மாலையில் ஒரு பூவைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.
என் விரல்தான் போனது.
கறுப்புக் குமிழ், ஏழிலிருந்து பூஜ்யம்.
பதினெட்டு வருஷத்துப் பழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
வரவேண்டிய பாக்கி பதினாலாயிரம்
என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அவள் நிறுத்தவில்லை.
வாய் அசைந்துகொண்டே இருந்தது.
கழுத்து நரம்பு புடைத்தது.
ஒரு கையை மைக்கிலிருந்து எடுத்து
ஓடைப் பக்கம் காட்டினாள்,
மூன்று விரல் காட்டினாள். சுவர்கள், எனக்குத் தெரியும்.
முன்வரிசை குனிந்து செருப்பைப் பார்த்தது.

வெளியே தூறலில் நின்ற கூட்டத்துக்கு
எதுவும் கேட்கவில்லை.
நன்றிதான் சொல்கிறாள் என்று
கைதட்டினார்கள்.