முந்நூறு ஜிஎஸ்எம்

ஆண்டர்சன் தெருவில்
கல்யாணப் பத்திரிகை வெட்டும் மெஷினில் எனக்கு வேலை.
வெட்டி விழும் ஓரங்களும்
பெயர் தப்பாக அச்சான அட்டைகளும்
கிலோ கணக்கில் பழைய பேப்பருக்குப் போகும்.
கார்த்திகை பிறந்ததும் கேட்டேன்.
எடுத்துக்கோ என்றார் முதலாளி,
எதற்கென்று கேட்கவில்லை.

ஞாயிறு மூன்று மணி, பெரம்பூர்.
டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில்
மெஷின்களைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு
நடுவில் பதினாறு பேர் தரையில்.
பொங்கலுக்குள் போய்ச் சேர வேண்டும்,
பனிமலையில் காவல் நிற்பவர்களுக்கு
நானூறு வாழ்த்து அட்டைகள்.
யாருக்கு என்று தெரியாது.
உறையின்மேல்
ஊருக்குப் பதில் ஒரு எண்.

கரும்பலகையில் திலோத்தமை எழுதியிருந்தாள்:
ஜிகினா கூடாது.
சண்டை பற்றி எதுவும் கூடாது.
'சீக்கிரம் வந்துவிடுங்கள்' கூடாது.
கேள்வி கேட்கக் கூடாது.
கடைசிக் 'கூடாது'வின் கீழே
சாக்பீஸ் ஒடிகிற அளவுக்கு ஒரு கோடு.

மழை விடவில்லை.
ஃபெவிகால் காயவில்லை.
ஒட்டிய கரும்பு மெல்ல நழுவி
பானைக்குள் தலைகீழாக இறங்கிற்று.
ஃபேன் போட்டால் தோரணம் பறக்கிறது.
நிறுத்தினால்
யாருடைய வியர்வையோ சொட்டி
சூரியன் கரைகிறது.
பன்னீர் கீழ்வீட்டில் இஸ்திரிப் பெட்டி இரவல் வாங்கி வந்து
ஒவ்வொன்றாகத் தேய்த்துக் காயவைத்தார்.
முப்பத்தேழாவது அட்டை கருகியது.
பொங்கல் பொங்கி அடிபிடித்த வாசனை
என்றாள் ஷம்ஷாத்.

என் அட்டைகளில் ஓரமெல்லாம் தங்கக் கோடு.
சிலதில் தும்பிக்கை மட்டும் உள்ள பிள்ளையார்.
புரட்டினால்,
'சுற்றமும் நட்பும் சூழ
தவறாது வருகை தந்து'
என்று யாருக்கோ அடித்த வரி.
திலோத்தமை பலகையைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.
வெள்ளைத்தாள் ஒட்டி மறைக்கச் சொன்னாள்.
நான் மறைத்தேன். நிறையத்தான் மறைத்தேன்.

அப்போதுதான் ஜெசிந்தா சொன்னாள்,
அவள் தம்பி அங்கேதான் இருக்கிறான், இரண்டாவது குளிர்காலம்:
"போன வருஷம் வந்த கார்டை என்ன பண்ணான் தெரியுமா?"
பர்சில் வைத்திருப்பான் என்று ஒருவர்.
தலைமாட்டில், என்று இன்னொருவர்.
"தகரக் கொட்டாய் ஜன்னல்ல விரல் நுழையிற சந்து.
நாலா மடிச்சு செருகிட்டானாம்.
காத்து நின்னுடுச்சுன்னு
போன்ல அவ்ளோ சந்தோஷம்."
கத்தரிக்கோல்கள் நின்றன.
பிறகு ஷம்ஷாத் சிரித்தாள்,
அதற்குப் பிறகு எல்லோரும்.

நான் எழுந்து போய்
பைக்கு அடியில் வைத்திருந்ததை எடுத்து வந்தேன்.
முந்நூறு ஜிஎஸ்எம்,
பெரிய இடத்துக் கல்யாணத்துக்கு வரவழைத்த போர்டு,
மடித்தால் விறைத்துக்கொண்டு நிற்கும்.
மெல்லிசுத் தாளெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கியது.
அதன்பின் யாரும்
கையெழுத்து அழகாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை.
விரலால் அழுத்திப் பார்த்தார்கள்.

இளம்பரிதி ஏழாம் வகுப்பு.
அவன் அட்டையில் ஒரு பட்டம்,
நூல் இல்லை, கீழே ஒரே வரி:
'அண்ணா, அங்கே தூக்கம் வருமா?'
கேள்வி.
பிஸ்கட் டின் மூடியில்
வேண்டாதவற்றோடு போய்விட்டது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை,
அடுத்த பட்டத்துக்கு வால் வரையத் தொடங்கினான்.

இரவு ஒன்பதுக்கு எண்ணினோம்.
முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
கருகிய ஒன்றை மறந்திருந்தோம்.
பசை தீர்ந்திருந்தது,
கடைசி பஸ்ஸுக்குச் சிலர் போய்விட்டார்கள்.
திலோத்தமை மூடியிலிருந்து பட்டத்தை எடுத்தாள்.
படித்தாள். மறுபடியும் படித்தாள்.
பெட்டியில் வைத்து டேப்பை இழுத்தாள்.
டேப் கிழியும் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

பெரம்பூர் ஈரம் அவ்வளவும்
அந்தப் பெட்டிக்குள் போகிறது.
அங்கே போய்க் காயும்.
சந்தில் செருகும்போது
எழுத்து உள்பக்கம் இருக்குமா,
காற்றுப் பக்கமா?

திங்கட்கிழமை மெஷினில்
கொளத்தூர்க் கல்யாணம், ஆயிரத்து இருநூறு.
ஓரத்தை வழக்கத்தைவிட
அரை அங்குலம் அகலமாக விட்டு வெட்டினேன்.
முதலாளி இன்னும் கவனிக்கவில்லை.