நூற்றுக்குள்

உப்புநீர் கலக்கும் கொட்டகையில்
கடத்துமானி செத்துப்போன இரண்டாம் இரவு.
உதிரிப்பாகம் ஔலுவிலிருந்து வெள்ளிக்கிழமைதான் வருமாம்.
அதுவரை ஒரு தராசு, ஒரு பென்சில், நான்.

நிறைப்படி நூற்றுக்கு இருபத்துமூன்று
என்று தாளில் எழுதிக்கொண்டேன்.
தொட்டியில் ஆயிரம் கிலோ தண்ணீர் விட்டு
இருநூற்று முப்பது கிலோ உப்பைக் கொட்டினேன்.
ஒன்பது மூட்டை முழுசாய்,
பத்தாவதில் ஐந்து கிலோ.
துடுப்பு சுற்றியது. கலங்கல் தெளிந்தது.
கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.
போதிய உப்பும் போதாத உப்பும்
தண்ணீருக்குள் ஒரே நிறம்.
நாக்கில் வைத்தால் இரண்டும் கரிக்கும்.
ஹெல்யா என்று கையெழுத்துப் போட்டேன்,
இரவு பதினொன்று பத்து.

கூசமோ சாலையில் அன்று
பூஜ்யத்துக்குக் கீழே பதினேழு.
இல்போ வண்டியை நிரப்பி
வாசலிலேயே நிறுத்திவிட்டுத் தூங்கப் போனான்.
ஏன் பயப்பட வேண்டும்?
சரியாகக் கலந்த நீர்
இருபது பாகைக் குளிரிலும் ஓடும்.

விடியலில் காற்று திரும்பிக் குளிர் தணிந்தது.
தூறல்,
விழுந்த இடத்திலேயே கண்ணாடியாகிற தூறல்.
இல்போ விசையைத் தட்டினான்.
குழாய்முனை பதினாறிலும் கஞ்சி,
உறைந்தும் உறையாத வெள்ளைக் கஞ்சி.
கெட்டில் கெட்டிலாய் வெந்நீர் ஊற்றி
நாற்பது நிமிடம்.

அந்த நாற்பதுக்குள்தான்
ஹௌக்கிவாரா மேட்டில் பால்வண்டி சறுக்கிப்
பள்ளத்தில் ஒருக்களித்துப் படுத்தது.
ஓட்டுநருக்குக் காயமில்லை.
சக்கரத்தின்மேல் உட்கார்ந்து
ரொட்டி தின்றுகொண்டிருந்தாராம்.
பால் பனியில் ஓடியது.
எங்கே பால் முடிந்து
எங்கே பனி தொடங்குகிறது என்று
யாருக்கும் பிடிபடவில்லை,
ஒரு நரியைத் தவிர.

அறிக்கைப் படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம்,
இரண்டு விரல் அகலம்.
கருவிப் பழுது என்று எழுதினேன்.
பொய்யில்லை.
பிறகு அந்தப் பென்சில் தாளைத் தேடி எடுத்தேன்.

நூறோடு இருபத்துமூன்று போட்டிருக்கிறேன்.
நூற்றில் இருபத்துமூன்று அல்ல.

நூறோடு நூற்றொன்றாய்
வந்து ஓரமாய் நிற்கிற பொருளில்லை உப்பு.
அது இறங்கியதுமே
நூறு பழைய நூறாக இருப்பதில்லை.
இருபத்துமூன்றை நூற்றிருபத்துமூன்றால் வகுத்தேன்.
பதினெட்டே முக்கால்கூடத் தேறவில்லை.
அந்த நீர் பதினைந்திலேயே கூழாகத் தொடங்கிவிடும்.

பதினொரு வருடமாய் இந்தக் கொட்டகையில்
கருவி எண்ணிக்கொண்டிருந்தது.
எண்ணுவது நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இல்போ தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.
கையுறையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது.
“அப்போ, போடுற உப்பையும் சேர்த்துத்தான் நூறா?”
“ஆமாம்.”
“நீ காபி போடுற மாதிரிதான்.”
“என்ன?”
“அஞ்சு பேருக்கு நாலு கரண்டி, தினமும்.
எங்களை எண்ணுவ, உன்னை விட்டுடுவ.
சொல்லலாம்னு இருந்தோம்,
அப்புறம் தண்ணிக் காபி பழகிப்போச்சு.”

பதில் சொல்லாமல் கணக்குக்குத் திரும்பினேன்.
தண்ணீர்தான் எழுபத்தேழு பங்கு.
ஆயிரத்துக்கு உப்பு
இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது வேண்டியிருந்தது.
அறுபத்தொன்பது குறைவு.
வண்டிக்குப் போனது போகத் தொட்டியில் பாதி.
ஆகவே ஒரு மூட்டை,
பிறகு ஒன்பது கிலோவும் சொச்சமும்.
சொச்சத்தைக் கையால் அள்ளித்
தராசு முள் நிற்கும்வரை காத்திருந்தேன்.
விரலிடுக்கில் ஒட்டியதையும் தட்டிவிட்டேன்.

படிவத்தில் எழுதியதை அடித்துவிட்டு
மேலே என் பெயரை எழுதினேன்.
கட்டத்துக்குள் அடங்கியது.

பத்து மணிக்கு எல்லோரும் வந்தார்கள்.
தலைகளை எண்ணினேன், நான்கு.
ஐந்து கரண்டி போட்டேன்.

முதல் மிடறில் இல்போவின் முகம் சுளித்தது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
கசப்பைக் கொஞ்சம் குறைக்கலாம் என்றால்
அன்று கடையில் பாலும் இல்லை.