காட்டுக்கு ஒரு நாள்

தின்சுகியா வரை ரயில், மூன்று பகல்.
அங்கிருந்து மியாவ்,
பூனை வைத்த பேர் என்றாள் மெர்சிலின்,
ஜீப்பில். பிறகு தெபான். பிறகு கால்.

எடைமேடைச் சீட்டின் முதுகில் கணக்குப் போட்டோம்.
விடுப்பு பத்து நாள்.
போக நாலு, வர நாலு,
ரயில் தாமதத்துக்கு ஒன்று.
மிஞ்சியதை அவள் இரண்டுமுறை வட்டமிட்டாள்.
வெளியே டிரெய்லர் திரும்பியதில்
டீ கிளாஸ் ஓரங்குலம் நகர்ந்தது.

சூப்பர்வைசர் கேட்டார்:
அவ்ளோ தூரத்துல யாரு செத்தா?
இன்னும் சாகல சார், அதான் போறோம்.
கையெழுத்துப் போடவில்லை. மறுக்கவும் இல்லை.

அட்டை ஏறாத காலுறையை
கொருக்குப்பேட்டை இசாக்கு டெய்லர்
மைதா மூட்டைத் துணியில் தைத்தார்,
இரண்டு ஜோடி நூற்றிருபது.
சோதித்துப் பார்க்க
எண்ணூர் முகத்துவாரத்தில் இறங்கினோம்.
கழற்றினால் விரலிடுக்கெல்லாம் அனல்மின் சாம்பல்.
அட்டை சாம்பலைவிடப் பெரிசுப்பா என்றாள்.
சரிதான். துவைத்துக் காயப்போட்டேன்.

வனக்காவலர் ஞாயிறு மட்டும் கிடைப்பார்,
அதுவும் மேடேறினால்.
என் இந்தியில் நான் கேட்டது புலியைப் பற்றி.
அவர் சொன்னது மழையைப் பற்றி.

நேற்றிரவு லாரி வராத பத்து நிமிடத்தில்
பைகளை எடைமேடையில் வைத்தோம்.
சைபர்.
இருபது கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.
டார்ச், அவல், காலுறை,
வெயிட்டிங் லிஸ்ட் நாற்பத்தொன்று,
எல்லாம் சேர்த்து சைபர்.

மெர்சிலின் ஏறி நின்றாள். அறுபது.
சீட்டு அடி என்றாள்.
வண்டி எண் என்று கேட்ட கட்டத்தில்
கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது.
நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.
கேட்டில் ஹாரன்.